புதுப்பிப்பு: ஜெர்மன் நண்பர்களோடு பிச்சாவரம்

ஜனவரியில் ஜெர்மனியிலிருந்து வரும் நண்பர்களுக்குச் சென்னைப் பக்கம் எதைக் காட்டலாம் என்று கேட்டிருந்தேன். சிலர் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம், சிலர் சிதம்பரம் அருகே உப்புநீரில் வளரும் பிச்சாவரம் அலையாத்திக் காடு என்றீர்கள். இரண்டுக்கும் போய் வந்தோம்.

வேடந்தாங்கலில் நாரைகளும் கூழைக்கடாக்களும் ஏராளம். தொலைநோக்கி மறக்காதீர்கள், அவ்வளவுதான்.

பிச்சாவரத்தில்தான் அசந்துபோனார்கள். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். குறுகலான வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும். சுரபுன்னை மரத்தின் வேர்கள் தண்ணீருக்கு மேலே வளைந்து ஊன்றி நிற்கின்றன. வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்களோ சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. உப்புச் சேற்றில் காற்று கிடைக்காததால் இந்த ஏற்பாடு. நண்பரின் மனைவி தாவரவியல் ஆசிரியை, கேட்க வேண்டுமா! படகுக்கார அண்ணன் ஒரு தில்லை மரத்தைக் காட்டி, "தொடாதீங்க, பால் கண்ணுல பட்டா எரியும்" என்றார். சிதம்பரம் கோயிலின் தல மரம் இதுதான் என்று நான் சொன்னதும், சாயங்காலம் கோயிலுக்கும் போயே ஆக வேண்டும் என்றார்கள். போனோம்.

2004 சுனாமியின்போது இந்தக் காடு ஊர்களைக் காத்ததா என்று கேட்டவருக்கு: ஆமாம், காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவுதான்.

அப்புறம், நம்ம ஊர்க் காரம் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பயந்தேனே, இறால் வறுவலை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.