ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் கவர்னர் மாளிகையா, தபாலாபீஸா?

கேள்வி:
போன சனிக்கிழமை சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் பிளேசில் இறங்கி ஆற்றோரம் நடந்தபோது, ஃபுல்லர்ட்டன் ஹோட்டலின் தூண்களைப் பார்த்து என் மகள் இது ராஜா வீடா என்றாள். வெள்ளைக்கார கவர்னர் மாளிகையாக இருந்திருக்கும் என்று சொல்லிவைத்தேன். வீட்டுக்கு வந்தால் மாமனார் சிரிக்கிறார், அது பெரிய தபாலாபீஸ், ஊருக்கு மணியார்டர் அனுப்ப நானே வரிசையில் நின்றிருக்கிறேன் என்கிறார். எது சரி?

பதில் 1:
மாமனார்தான் சரி. கட்டடம் திறந்தது 1928 ஜூனில். ராபர்ட் ஃபுல்லர்ட்டன் நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) முதல் ஆளுநர், ஆனால் அவர் இங்கே வசித்ததில்லை, அவர் பெயரில் இதே இடத்தில் ஒரு கோட்டை இருந்தது, அதை 1873இல் இடித்துவிட்டார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கீழே தபால் நிலையம், கவுன்ட்டர் மட்டும் கிட்டத்தட்ட 100 மீட்டர் நீளம். மேலே துரைமார்களின் சிங்கப்பூர் கிளப். நம் ஆட்கள் கீழே கடிதத்தைப் போட்டுவிட்டுத் திரும்பவேண்டியதுதான். கப்பலுக்குப் போகும் தபால் மூட்டைகளைப் படகுத்துறைக்குக் கொண்டுபோக சாலைக்கு அடியில் ஒரு சுரங்கவழியும் இருந்தது. அப்புறம், வெளிச்சுவரைப் பார்த்து கருங்கல் என்று நினைக்காதீர்கள். ஷாங்காய் பிளாஸ்டர், அதாவது சிமென்ட்டில் கல்துகள் கலந்த பூச்சு.

பதில் 2:
கவர்னர் கதை முழுப் பொய்யும் இல்லை. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் நெருங்கியதும் ஆளுநர் ஷென்டன் தாமஸ் தன் மாளிகையை விட்டு இங்கே, கிளப்பில்தான் வந்து தங்கினார். காயம்பட்டவர்களுக்கு இதே கட்டடத்தில்தான் அவசர ஆஸ்பத்திரி.

பதில் 3:
முக்கியமானதை விட்டுவிட்டீர்களே! மைல்கல் எண்ணியது இந்தத் தபாலாபீஸிலிருந்துதான். பெரியவர்கள் புக்கிட் தீமாவில் 'ஏழாவது மைல்' என்பது இங்கிருந்து ஏழு மைல். கூரையில் 1958 முதல் கலங்கரை விளக்கு எரிந்தது, சுற்றிலும் உயரக் கட்டடங்கள் எழும்பி மறைத்ததும் 1979இல் அணைத்தார்கள். தபாலாபீஸ் 1996இல் காலி செய்தது. ஹோட்டலானது 2001இல், 400 அறைகள். 2015இல்தான் தேசிய நினைவுச்சின்னம், ரொம்பத் தாமதம் என்பது என் எண்ணம். முன்னால் தெரியும் தண்ணீரும் இப்போது கடல் இல்லை, 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு நீர்த்தேக்கமாகிவிட்டது.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். நூறு மீட்டர் கவுன்ட்டர் சரி, வரிசை எவ்வளவு நீளம் என்று எவனும் எழுதவில்லையே என்கிறார்.