காப்பர் ஹார்பர் பக்கம் தங்க இடம் வேண்டும்

அக்டோபர் முதல் வாரம் சிகாகோவிலிருந்து காரில் மிச்சிகனின் கீவினா தீபகற்பத்துக்குப் போகிறோம். நாங்கள் இருவர், அப்பா, அம்மா என மொத்தம் நான்கு பேர். சுப்பீரியர் ஏரியில் கயாக் (துடுப்புப் படகு), பிராக்வே மலைச் சாலை, புகையில் வாட்டிய ஏரி மீன், கார்னிஷ் (இங்கிலாந்தின் கார்ன்வால்) சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டுவந்த பேஸ்டி (இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம்), திம்பிள்பெரி என்ற காட்டுப் பழத்தின் ஜாம் எல்லாம் திட்டத்தில் உண்டு. (அம்மா சைவம், அவருக்கு ஜாம்தான்!)

காப்பர் ஹார்பரில் கேட்ட விடுதிகளெல்லாம் நிரம்பிவிட்டன. காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்தும் பதில் இல்லை. சரி, கூடாரம் போடலாம் என்றால் அந்தக் குளிர் அப்பாவுக்கு ஆகாது. ஹோட்டனில் அறை இருக்கிறது, ஆனால் சுமார் 75 கிலோமீட்டர். கயாக்குக்காக விடியலிலேயே கிளம்ப வேண்டும், சாலையில் மான்கள் வேறு.

ஈகிள் ஹார்பர், கேலுமெட் இரண்டில் எங்கே சமையலறையோடு வீடு கிடைக்கும்?