ஊர்க் கலைவிழாவில் இலக்கிய மேடை: உங்களை இன்னும் உறுத்தும் நிகழ்ச்சி எது?

தறிக்குழி எழுதியது:

கலை இலக்கிய இரவு எப்படி நடக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பறையில் தொடங்கும், பேச்சில் இழுக்கும், நாடகத்தில் நிமிரும், கவியரங்கம் வரும்போது பாதிக் கூட்டம் துண்டை விரித்துப் படுத்திருக்கும். அருப்புக்கோட்டைப் பக்கம், நான்கு வருடங்களுக்கு முன். அழைப்பிதழில் எனக்கு இரவு பதினொன்றரை என்று போட்டிருந்தது. மைக் முன்னால் போய் நின்றபோது மணி 2.40.

என் கவிதை அப்பாவின் கைத்தறியைப் பற்றியது. அவர் போன பிறகும் இரவில் தறி ஓடுகிறது, ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா குறுக்கே பாய்கிறது, குழிக்குள் அவருடைய கால் மிதித்துக்கொண்டே இருக்கிறது என்று போகும். கைதட்டல் என்று ஒன்று வந்தது. அடுத்துப் படிக்க இருந்த கவிஞரின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தட்டியது அது.

இறங்கிக் கடலை வண்டிக்குப் போனேன். அந்த அம்மாள் பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டு, "தம்பி, அந்தத் தறிக்கு எத்தனையாம் நம்பர் அச்சு?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய வீட்டுக்காரர் இன்னும் நெய்கிறாராம். அச்சு என்பது பாவு நூல்களைப் பிரித்துப் பிடிக்கும் சீப்பு மாதிரி. அதில் பல் வளைந்துபோய் நூல் அறுந்துகொண்டே இருக்கிறதாம். "உங்கள் வீட்டில் தறி சும்மாதானே கிடக்கும்? அச்சை மட்டும் கொடுத்தால் விலை தந்துவிடுகிறேன்."

தறியைப் பிரித்து விற்று அப்போதே ஆறு வருடம் ஆகியிருந்தது. மரம் விறகுக்குப் போயிற்று, இரும்பு பழைய சாமான் கடைக்குப் போயிற்று. அதைச் சொன்னேன். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி, "பிறகு ஏன் ஓடுகிறது என்று படித்தீர்கள்?" என்றார்.

படிமம், குறியீடு என்று இப்போது என்னிடம் பத்துப் பதில்கள் இருக்கின்றன. அன்று ஒன்றும் வாயில் வரவில்லை. பத்து ரூபாய்க்குக் கடலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.


செம்மண் எழுதியது:

நாங்கள் காரைக்குடிப் பக்கம், ஆகவே எனக்குக் கம்பன் விழாதான். 1939-ல் சா. கணேசன் தொடங்கியது. பங்குனி மகம், பூரம், உத்திரம் என்று காரைக்குடியில் நடக்கும். அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில், கம்பன் சமாதி இருக்கும் இடத்தில். கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்குவார்கள், கடிகாரத்தைப் பார்த்தே முடிப்பார்கள். தறிக்குழியின் 2.40 கதையைக் கேட்டிருந்தால் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, சிரித்திருப்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திக்குவாய். முந்தின நாள் பட்டிமன்றம் முழுக்க மடியில் தூங்கிய என்னை, அத்தத்தன்று ஆயா நாட்டரசன்கோட்டைக்குக் கூட்டிப்போனார். சமாதி மண்ணை நாக்கில் வைத்தால் பிள்ளைக்குத் தமிழ் வரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கைக்குழந்தைகளைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். நடுவில் இரட்டைச் சடையோடு நான் ஒருத்தி நின்றேன்.

ஆயா ஒரு சிட்டிகை எடுத்து "ஆ காட்டு" என்றார். பல்லில் நறநறவென்று கடிபட்டது. அவர் செருப்பு மாட்டக் குனிந்த நேரம் பார்த்துப் பாவாடை நுனியில் துப்பித் துடைத்துவிட்டேன். நிமிர்ந்தவர் பாவாடையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார்.

இன்றும் திக்குகிறது. ககரத்தில்தான் அதிகம். கல்லூரியில் கம்பனைப் பற்றிப் பேசச் சொன்னபோது அந்தப் பெயரை ஒருமுறைகூடச் சொல்லாமல் "அவர், அவர்" என்றே பதினைந்து நிமிடம் பேசி இறங்கினேன். முன்வரிசையில் இருந்தவர்கள் அதைப் பணிவு என்று பாராட்டினார்கள்.


மரபுக்கவி எழுதியது:

முதலில் ஒரு திருத்தம். பட்டிமன்றம் அன்று, பட்டிமண்டபம். சொல் மணிமேகலையிலேயே இருக்கிறது. கம்பனே நகரப் படலத்தில் அதை ஆண்டிருக்கிறான். அவன் பெயரால் நடக்கும் விழாவைப் பற்றி எழுதும்போதாவது கவனம் வேண்டும்.

தறிக்குழித் தம்பிக்குச் சில யோசனைகள். இரவு விழாவில் நாடகத்துக்கு முன்னால் இடம் கேட்டு வாங்கிவிட வேண்டும். நாடகம் முடிந்தால் கூட்டம் தேநீருக்குப் போகும், திரும்பி வராது. பதினாறு வரிக்கு மேல் படிக்காதீர்கள். நல்ல வரியை இருமுறை படியுங்கள், இரண்டாம் முறைதான் கைதட்டல் விழும். தாளைக் கையில் பிடித்தால் நடுக்கம் முன்வரிசைக்குத் தெரியும், ஆகவே ஓர் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். மைக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி, வாயைச் சற்றே பக்கவாட்டில் வைத்துப் படித்தால் பகரம் வெடிக்காது. அரங்கத் தலைமையை விளிக்க ஒரு வெண்பா சட்டைப்பையில் தயாராக இருக்கட்டும். தலைவர் கடைசி நேரத்தில் மாறுவது உண்டு, ஆகையால் பெயர் வரும் சீரில் மட்டும் இடம் விட்டு எழுதி வைப்பது என் வழக்கம். தேமா, புளிமா என்ற இரண்டு சீர் வாய்பாட்டுக்கும் ஒவ்வொன்றாக இரண்டு படி வைத்திருந்தால் அந்த அளவில் அமையும் பெயர் எதுவும் பொருந்தும். கவிதைக்கு முன் கவிதையை விளக்காதீர்கள். பொன்னாடை போர்த்தும்போது கழுத்தை முன்னால் நீட்டாதீர்கள், புகைப்படத்தில் நன்றாக இராது. எல்லாவற்றுக்கும் மேலாக, தறியைப் பற்றி எழுதுகிறவன் அச்சு நம்பர் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். அந்த அம்மாள் கேட்டது சரியான கேள்வி.

என் அனுபவம்: 1987. எனக்குக் கொடுத்த தலைப்பு "மழை". முதல் அடி சொன்னதும் மழை வந்துவிட்டது. எல்லோரும் ஓடிவிட்டார்கள்.


ஒலிபெருக்கி எழுதியது:

ஐயா சொல்லும் நான்கு விரல் கணக்கு அந்தக் காலத்து மைக்குக்கு. நாங்கள் இப்போது வைக்கும் மைக்கில் நான்கு விரல் தள்ளி நின்றால் பின்னால் காய்ச்சும் பறையின் சத்தம்தான் கேட்கும், கவிதை கேட்காது. ஒரு விரல் போதும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை போய்விட்டது.

நான் எழுதுகிறவன் அல்லன். மைக் செட் வைப்பவன். இருபது வருடமாக மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து எல்லா இலக்கியத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஓர் ஊரில் நாட்டார் பாடல் நிகழ்ச்சி. ஒப்பாரி பாட ஒரு பாட்டியைக் கூட்டி வந்திருந்தார்கள். ஐந்து நிமிடம் என்று பேச்சு. அவர் பாடத் தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது. அடுத்துப் பேச வேண்டியவர் மேடையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விழாக்காரர் என்னைப் பார்த்துக் கையால் "இறக்கு" என்று சைகை காட்டினார். இது வழக்கம்தான். சத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்தால் பேசுகிறவர்களே புரிந்துகொண்டு முடித்துவிடுவார்கள். குறைத்தேன்.

பாட்டிக்கு அது புரியவில்லை. மைக் வேலை செய்கிறதா இல்லையா என்பதையே அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தார். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக எழுந்து மேடையோரம் போய் நின்றார்கள். பின்வரிசையில் இருந்தவர்களும் வந்தார்கள். மைதானத்தில் நாற்காலி எல்லாம் காலி, மேடையைச் சுற்றி மட்டும் கூட்டம். விழாக்காரர் இப்போது "ஏற்று, ஏற்று" என்று கையைத் தூக்குகிறார். நான் ஏற்றவில்லை. ஏற்றினால் கெட்டுவிடும் என்று தோன்றியது. அது சரியா என்று இன்றும் தெரியவில்லை. பின்னால் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற கிழவர் ஒருவருக்கு ஒன்றுமே கேட்டிருக்காது. அவர் காதில் கையைக் குவித்து வைத்துக்கொண்டிருந்தார்.


மூன்றாம் வகுப்பு எழுதியது:

செப்டம்பர் 11, பாரதி நினைவு நாள், எங்கள் ஊர் விழாவில் மாறுவேடமும் கவிதை ஒப்பித்தலும். என் வகுப்பிலிருந்து ஏழு பாரதிகள். கறுப்புக் கோட்டு, முண்டாசு, கண் மையில் மீசை. காலை ஒன்பது மணிக்கு உட்கார வைத்தோம். சிறப்பு விருந்தினர் வந்தது பன்னிரண்டே முக்காலுக்கு. அதற்குள் ஒரு பாரதி மயங்கி விழுந்தான். கோட்டைக் கழற்றித் தண்ணீர் தெளித்ததும் மீசை கன்னம் வரை வழிந்தது. கண்ணைத் திறந்து, "டீச்சர், என் முறை போய்விட்டதா?" என்றான். கோட்டு போட்டே ஆக வேண்டும் என்று முந்தின நாள் அவன் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னவள் நான்தான்.


நள்ளிரவு எழுதியது:

செம்மண் அவர்களே, கடிகாரத்தைப் பார்த்து நடத்துவதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். 1975-ல் மதுரையில் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தொடங்கி, பிறகு இந்தக் கலை இலக்கிய இரவுகள் ஊர் ஊராகப் போனதற்குக் காரணமே உங்கள் விழா மாதிரி மண்டபங்களுக்குள் வராத மனிதர்கள்தான். வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு வருகிறவனுக்குப் பத்து மணி ஆகும். அவனுக்காகத்தான் விடியவிடிய நடத்துகிறோம். கடலை விற்கிறவர் கவிதையில் குறுக்குக் கேள்வி கேட்பது தெருவில் மேடை போட்டால்தான் நடக்கும். தாமதம் ஒரு குறையே இல்லை. மூன்றாம் வகுப்பு ஆசிரியை சொல்லும் தாமதம் வேறு, அது பெரிய மனிதருக்காகக் காத்திருந்த தாமதம். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

என் சொந்தக் கதை பிறகு எழுதுகிறேன்.


செம்மண் எழுதியது:

நான் மண்ணைத் துப்பிய கதையைச் சொன்னேன் தோழர். நீங்கள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். எங்கள் ஆயாவும் வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்தவர்தான். மூன்று வீடுகளுக்குச் சமைத்தார். சரியான நேரத்துக்கு முடித்தால்தான் அவருக்குக் கடைசி பஸ் கிடைக்கும்.


பத்து சதவீதம் எழுதியது:

சண்டை வேண்டாம், நான் ஒன்று சொல்கிறேன். 2022 முதல் மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறதே, அதற்கெல்லாம் முன்னால், ஒரு சின்ன ஊர்க் கலைவிழாப் பந்தலில் ஐந்து நாள் கடை போட்டிருந்தேன். வழக்கம்போல் பத்து சதவீதக் கழிவு. மேடையில் பேச்சாளர் "புத்தகம் வாங்குங்கள்" என்று முழங்குவார், கூட்டம் என் கடையைத் தாண்டி பஜ்ஜிக் கடைக்குப் போகும்.

ஒருவர் தினமும் ஏழு மணிக்கு வருவார். பனியன் கம்பெனி வேலை என்று நினைக்கிறேன், சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்கும். தடிமனான ரஷ்ய நாவல் ஒன்று, தமிழில். எடுத்து, நின்றபடியே இரண்டு மணி நேரம் படிப்பார். போகும்போது பஸ் டிக்கெட்டைப் பக்கத்துக்குள் வைத்து, அடுக்கின் அடியில் செருகிவிட்டுப் போவார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். மூன்றாம் நாள் நானே ஒரு ஸ்டூலை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

கடைசி நாள் மதியம் விழாக்காரர்கள் ஓடி வந்தார்கள். பொன்னாடை ஒன்று குறைகிறது, விருந்தினருக்குக் கொடுக்கப் பெரிய புத்தகமாக ஒன்று வேண்டும் என்றார்கள். கனமானதாக எது இருக்கிறது என்று தேடி அவர்களே அதை உருவினார்கள். அன்றுவரை மொத்த வியாபாரமே வாடகைக்குக் காணாது. கொடுத்துவிட்டேன்.

ஏழு மணிக்கு வந்தவர் அடுக்கைக் குனிந்து பார்த்தார். மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நான் கணக்கு நோட்டில் ஏதோ எழுதுவது போல் இருந்தேன். அரை மணி நேரம் கழித்து மேடையில் அதே புத்தகத்தை வண்ணத்தாள் சுற்றி ஒருவர் கையில் கொடுத்தார்கள். எல்லோரும் தட்டினார்கள். அவரும் தட்டினார். உள்ளே அவருடைய டிக்கெட் இருந்தது. இன்னும் நாற்பது ஐம்பது பக்கம் பாக்கி இருந்திருக்கும்.

மறுநாள் கடையைப் பிரித்துக் கட்டியபோது ஸ்டூலை மறந்து வந்துவிட்டேன்.


மரபுக்கவி எழுதியது:

ஒரே பிரதி வைத்துக் கடை போடக்கூடாது. பெரிய நாவல் என்றால் குறைந்தது மூன்று.


தறிக்குழி எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். ஒலிபெருக்கி அண்ணாச்சி, அந்தக் காது குவித்த கிழவரை நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

நேற்று அண்ணனிடம் போனில் கேட்டேன். அச்சு விற்ற சாமான்களோடு போய்விட்டதாம். ஆனால் பரணில் இரண்டு நாடா இருக்கின்றன என்றார். அண்ணன் பிள்ளைகள் படகு விட்டு விளையாடியிருக்கிறார்கள். இந்த வருடம் விழா அறிவித்தால் எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். படிக்கப் போகவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் யாராவது, திருவிழாக்களில் தள்ளுவண்டியில் கடலை விற்கும் அம்மாள், வீட்டுக்காரர் கைத்தறி நெசவு, ஐம்பது வயது இருக்கும், தெரிந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.


மரபுக்கவி எழுதியது:

நாடாவின் இரு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும், இத்தனை வருடத்தில் துருப்பிடித்திருக்கும். கொடுப்பதற்கு முன் மண்ணெண்ணெய் தடவி ஓர் இரவு வைத்து, பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், நூலில் சிக்கும். என் மாமனார் வீட்டில் நான்கு தறி இருந்தது.