‘ஈக்விட்டி ஆர்கனைசிங்’: நிரவல் திரட்சி என்று சொல்லலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். என் கருத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் கடற்கரைப் பக்கத்துக் கல்லூரியில் மாணவர்கள், புதிதாகச் சேருகிறவர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கு என்ன தடை இருக்கிறது என்று தாங்களே கேட்டறிந்து, அது நீங்கும்வரை நிர்வாகத்திடம் விடாமல் பேசுவது அவர்கள் செய்யும் வேலை. அமெரிக்க வளாகங்களில் இதை ஈக்விட்டி ஆர்கனைசிங் என்கிறார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டு என்னிடம் வந்தார்கள். அதையே நான் இங்கே கேட்டேன்.

> மாணவர் தலைமையிலான சமத்துவ ஒருங்கிணைப்பு. அரசுக் கடிதங்களுக்கும் பொருந்தும்.

பரமக்குடி ஐயா எழுதியது இது. ஐயா, கடிதத்துக்குப் பொருந்தும், ஆனால் பொருளுக்குப் பொருந்தவில்லை. சமத்துவம் என்பது ஈக்வாலிட்டி, எல்லோருக்கும் ஒரே அளவு. ஈக்விட்டி வேறு, அவரவர் தடைக்கு ஏற்பக் கொடுத்து நியாயம் செய்வது. நம் கரையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம், இராமேசுவரத்து விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் நிவாரணம் 8000 ரூபாய். நகை அடகுக் கடைக்குப் போகும் மாதங்கள் அவை. தடை முடிகிற அதே ஜூனில் கல்லூரிக் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே தேதி, தவறினால் எல்லோருக்கும் ஒரே அபராதம். இதில் சமத்துவத்துக்கு ஒரு குறையும் இல்லை. படகில் கூலிக்குப் போகிறவர் மகளுக்கு மட்டும் அந்தத் தேதி சுவர்போல நிற்கிறது. தேதியை ஆகஸ்டுக்குத் தள்ளிக் கொடுங்கள் என்று மாணவர்கள் கேட்டபோது, ஒருவருக்கு மட்டும் விதியை மாற்றினால் சமத்துவம் என்ன ஆவது என்றுதான் பதில் வந்தது. சமத்துவம் என்ற சொல்லையே எடுத்து அவர்களை மறுத்தார்கள். ஆகவே கையேட்டில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர்களால் வாதாட முடியாது.

இதில் சட்டத் தேவையும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் கொண்டுவந்த விதிமுறைகளின் பெயரிலேயே ஈக்விட்டி என்ற சொல் உண்டு. கல்லூரிதோறும் சம வாய்ப்பு மையமும், பாகுபாட்டைத் தடுக்க ஓர் அலுவலரும் வேண்டும் என்றன அந்த விதிகள். அவை ஏட்டோடு நின்றுவிட்டன என்று சொல்லித்தான் சாதிப் பாகுபாடு குறித்த புகார்களுக்கு நடுவே உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்களான ரோகித் வெமுலாவின் தாயாரும் பாயல் தத்வியின் தாயாரும் 2019-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெற்ற பிள்ளைகளை இழந்த இரண்டு தாய்மார்கள் எழுப்பிய கேள்வியைத் தமிழில் எழுதும்போது, அதன் நடுவில் நிற்கும் சொல்லுக்கு ஏறக்குறைய ஒன்றை வைத்துச் சமாளிக்க எனக்கு மனம் வரவில்லை.

> ஒப்புரவு என்ற பழஞ்சொல் இருக்கும்போது புதிது எதற்கு? வள்ளுவரே அதிகாரம் வைத்திருக்கிறார்.

அழகான சொல், சட்ட அகராதிக்காரர்களும் அதன் பக்கம் போயிருக்கிறார்கள். இரண்டு காரணங்களால் நான் தயங்குகிறேன். குறளின் 22-ஆம் அதிகாரத்தில் ஒப்புரவு என்பது இருப்பவன் ஊருக்கு உதவும் பண்பு. ஊருணியும் மழையும் பயன்மரமும் அங்கே உவமைகளாக வருகின்றன. ஊருணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த இராமநாதபுரத்துக்காரர்களுக்கு அதன் பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை. என்றாலும் அங்கே நடுவில் இருப்பவர் கொடுப்பவர். நம் மாணவர்கள் யாருடைய கொடைக்கும் காத்திருக்கவில்லை. இரண்டாவது காரணம் நம் கடற்கரையே. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கத்தோலிக்கப் பிள்ளைகளிடம் ஒப்புரவு என்றால் ஒப்புரவு அருட்சாதனம்தான், அதாவது பாவசங்கீர்த்தனம். கட்டணத் தேதியை மாற்றச் சொல்லும் பிள்ளை ஏன் பாவமன்னிப்புக் கேட்க வேண்டும்? சொல்லில் குற்றமில்லை, அதற்கு இங்கே வேறு வேலை கொடுத்தாகிவிட்டது, அவ்வளவுதான்.

நிகர்மை வேண்டாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று போட்டுப் போட்டு, வளாகத்தில் நிகர் என்றாலே வேறு நினைவுதான் வருகிறது. சமபங்கு பங்குச்சந்தைக்குப் போய்விட்டது. பொருளும் நேர் எதிர்.

என் முன்மொழிவு, நிரவல்.

மேடுபள்ளமான நிலத்தை மட்டம் செய்வதை நிரவுவது என்கிறோம். வயலிலும் உப்பளத்திலும் வீடு கட்டும் இடத்திலும் இந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. ஒரே அளவு மண்ணை எல்லா இடத்திலும் கொட்டினால் மேடு மேடாகவே இருக்கும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். பள்ளத்தில் கூடுதலாகப் போட்டால்தான் தரை மட்டமாகும். ஈக்விட்டிக்கு வகுப்பில் கொடுக்கும் விளக்கம் முழுவதும் இந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. நிரம்பு, நிரப்பு, நிரை எல்லாம் இதன் உறவுக்காரச் சொற்கள். குறளில் நல்குரவு அதிகாரத்தில் நிரப்பு என்றால் வறுமை என்பதை மாணவர்களிடம் சொன்னேன், வெகுநேரம் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

தொண்டித் தம்பி தனிமடலில் ஒரு நல்ல மறுப்பு எழுதியிருந்தார். பொதுவில் பேச வேண்டிய மறுப்பு என்பதால், அவர் இசைவோடு இங்கே போடுகிறேன்.

> அக்கா, நிரவல் என்றதும் ஆசிரியர்களுக்குப் பணி நிரவல்தான் ஞாபகம் வரும். உபரி என்று சொல்லி எங்கோ தூக்கிப் போடுவார்கள். கசப்பான சொல்.

உண்மைதான் தம்பி. அந்தக் கசப்பை நானும் ஆசிரியர் அறைகளில் கேட்டிருக்கிறேன். ஆனால் கணக்கு வாத்தியாரே இல்லாத ஒரு பள்ளிக்கு அந்த நிரவலால் ஒருவர் வந்து சேர்ந்தால், அங்கே படிக்கும் பிள்ளைக்கு அது என்ன சொல்? இடம் மாறுகிறவருக்கு வலிப்பதும் பெறுகிறவருக்கு நியாயமாக இருப்பதும் ஈக்விட்டியின் இயல்பு. யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லாததுபோல் காட்டும் இனிப்பான சொல்லைவிட இது நேர்மையானது என்று நினைக்கிறேன். அத்தோடு, அரசு ஆணைகளில் ஏற்கெனவே புழங்கும் சொல் என்பதால் அலுவலகத்தில் யாரும் முழிக்க மாட்டார்கள்.

சங்கீதத்தில் நிரவல் உண்டே என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அது அங்கே இருக்கட்டும், இரண்டும் மோதிக்கொள்ளும் இடமே இல்லை.

இனி ஆர்கனைசிங். எனக்கு இதுதான் கடினமாக இருந்தது.

முதலில் ஒருங்கிணைப்பைத் தள்ளிவைக்கிறேன். ஏற்கெனவே இருக்கும் பல உறுப்புகளைப் பொருத்துவது ஒருங்கிணைப்பு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் துறைகளுக்கு நடக்கும் கூட்டம் போல. ஆர்கனைசிங் ஒன்றுமே இல்லாத இடத்தில் தொடங்குகிறது. அமெரிக்கக் கறுப்பின மாணவர் வரலாறே இதைப் பிரித்துக் காட்டும். 1960 பிப்ரவரி 1 அன்று, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவுக் கடை மேசையில் போய் உட்கார்ந்தார்கள். அது ஊர் ஊராகப் பரவியது. ஏப்ரலில் எலா பேக்கர் என்ற மூத்த போராளி அந்த மாணவர்களை ராலே நகரத்து ஷா பல்கலைக்கழகத்தில் கூட்டினார். அங்கே பிறந்த மாணவர் குழுவின் பெயரில் ஒருங்கிணைப்பு என்ற சொல் உண்டு, காரணம் பல வளாகங்களின் குழுக்களைப் பொருத்துவதே அதன் முதல் வேலை. அதே பிள்ளைகள் பின்னால் மிசிசிப்பிக் கிராமங்களில் வீடுகளில் தங்கி, வாக்காளர் பதிவுக்காகத் திண்ணை திண்ணையாகப் பேசிய வேலைக்குத்தான் ஆர்கனைசிங் என்று பெயர். இரண்டுக்கும் அவர்களிடம் தனித்தனிச் சொல் இருக்கும்போது, நாம் ஒன்றில் அடைப்பானேன்?

> அணிதிரட்டல் போதுமே.

இங்கேதான் தமிழ் இலக்கணம் நமக்குக் கை கொடுக்கிறது. திரட்டு பிறவினை. திரட்டுகிறவர் ஒருவர், திரட்டப்படுகிறவர்கள் மற்றவர்கள். மாநாட்டுக்கு லாரியில் ஆள் ஏற்றுவதும் திரட்டல்தான். திரள் தன்வினை. அதில் செய்கிறவரும் ஆகிறவரும் ஒருவரே. அதிலிருந்து வரும் பெயர், திரட்சி. புரள் என்பதிலிருந்து புரட்சி, வறள் என்பதிலிருந்து வறட்சி, அதே வார்ப்பு. மாணவர் திரட்சி என்று சொன்னால் தலைமையிலான என்ற வாலே தேவையில்லை, யார் தலைமை என்பது வினையிலேயே அடங்கிவிடுகிறது. அம்பேத்கர் 1942-இல் நாகபுரியில் சொன்ன மூன்று கட்டளைகளில் ஆர்கனைஸ் என்பது தமிழ்ச் சுவர்களில் பெரும்பாலும் ஒன்றுசேர் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. அதுவும் தன்வினைதான். நம் ஆட்கள் எப்போதோ சரியாகப் பிடித்திருக்கிறார்கள். ஒன்றுசேர் முழக்கத்துக்குப் பொருத்தமானது, கலைச்சொல்லாக்கினால் நீளும் என்பதால் மட்டுமே நான் திரட்சிக்கு வருகிறேன்.

தன்னெழுச்சியையும் ஒருவர் சொன்னார். 2017 ஜனவரியில் மெரினாவில் நாம் பார்த்தது அது. தன்னெழுச்சி ஒரு வாரத்தில் பொங்கி அடங்கலாம். திரட்சிக்குக் காலம் பிடிக்கும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று சும்மா சொல்லவில்லை, எவ்வளவு கடைந்தால் திரளும் என்று தெரிந்தவர்கள் சொன்னது. வளாகத்தில் அந்தத் தாழி மூன்றாண்டுக்கு ஒருமுறை தானாகவே உடைகிறது. வேலை தெரிந்த பிள்ளைகள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், பெயர்ப் பட்டியலும் மனு நகலும் யாருடைய கைப்பேசியிலோ தங்கிவிடுகின்றன. கையேடு வேண்டும் என்று மாணவர்கள் துடிப்பதே இதனால்தான்.

திரட்சிக்கு எதிராக நானே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் திரள் என்ற சொல் வெறுங்கையோடு வருவதில்லை. 1957-இல் பரமக்குடியில் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டதும் முதுகுளத்தூர்ப் பக்கம் நடந்த சாதிக் கலவரமும் இன்னும் நம் பேச்சில் இருக்கின்றன. அவர் நினைவு நாளான செப்டம்பர் 11-ஐயும் தேவர் ஜெயந்தி நாளான அக்டோபர் 30-ஐயும் ஒட்டிய வாரங்களில் நாலு பிள்ளைகள் சேர்ந்து நின்றால், எந்தச் சாதிப் பிள்ளைகள் என்றுதான் முதல் கேள்வி வருகிறது. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்க்கும் ஊர்களில், சாதியும் திரட்சி என்ற பெயரை எடுத்துக்கொள்ளும். கல்வி நிலையங்களில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில், எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் அடங்கிய சமூகநீதி மாணவர் படை ஒன்றை அரசு அமைக்கலாம் என்ற பரிந்துரை இருக்கிறது. நல்ல நோக்கம். படை என்ற சொல்லோ சீருடையையும் மேலிருந்து வரும் கட்டளையையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

ஆகவே திரட்சியைத் தனியே விடக்கூடாது, எதற்காகத் திரள்கிறோம் என்பதைச் சொல்லும் அடை அதன் முன்னால் இருக்க வேண்டும். நிரவல் திரட்சி. மேட்டைப் பெருக்கத் திரள்கிறவர்கள் இந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியாது. சமூகநீதி என்ற சொல்லை நான் தொடவில்லை. தமிழ்நாட்டில் அதற்கு ஒரு நூற்றாண்டின் எடை இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும்.

சரி, வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம்.

தடைக்காலக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணத் தேதியைத் தள்ளிவைப்பது சலுகையல்ல, நிரவல்.

மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் மாணவர்கள் உதவித்தொகைப் படிவத்தில் நிரப்ப முடியாத கட்டங்களைப் பற்றி, எங்கள் நிரவல் குழு அலுவலகத்தோடு பேசி வருகிறது.

காலைப் பேருந்து பிந்துவதால் கடற்கரை ஊர்ப் பிள்ளைகளின் வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போகிறது. இதைக் கணக்கெடுத்ததே எங்கள் திரட்சியின் முதல் வேலை.

1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் தொடங்கி அடுத்த மார்ச் வரை நீண்ட வேலைநிறுத்தம், மாணவர் திரட்சியால் ஒரு பாடத்துறையே பிறக்க முடியும் என்று காட்டியது.

மூன்றாவது வாக்கியத்தை முதலாண்டு மாணவர்கள் சிலரிடம் காட்டினேன், யாரும் பொருள் கேட்கவில்லை. இரண்டாவதில் நிரவல் குழு என்பது நிலம் அளக்கும் குழுவோ என்று ஒரு பெண் கேட்டாள். அங்கே வாய்ப்பு நிரவல் குழு என்று விரித்து எழுதிவிடலாம் என்று இப்போதைக்கு நினைக்கிறேன்.

ஆர்கனைசர் என்பதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம் என்பது என் கருத்து. திரட்டுநர் என்றால் மறுபடியும் பிறவினைக்குள் விழுகிறோம். களப்பணியாளர் என்ற சொல் மீனவர் சங்கங்களிலும் மகளிர் குழுக்களிலும் நன்றாகப் பழகியிருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள்.

கையேடு இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. நிரவலைவிட நல்ல சொல் கிடைத்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வோம். பரமக்குடி ஐயா, கல்வித்துறை ஆணைகளில் ஈக்விட்டிக்கு வேறு எங்காவது நிரவல் வந்திருக்கிறதா என்று உங்கள் பழைய கோப்புகளில் பார்த்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.