மறுமொழி: ‘உலர் ஒயின்’ வேண்டாம், ‘இனிப்பிலி’ ஆகட்டும்

> பிரெஞ்சில் ‘செக்’, இத்தாலியனில் ‘செக்கோ’, ஆங்கிலத்தில் ‘ட்ரை’. எல்லாமே காய்ந்தது என்கிற பொருள்தான். நாமும் ‘உலர் ஒயின்’ என்று வைத்துக்கொண்டால் என்ன குறை?

அண்ணாச்சி, வணக்கம். நம் ஒயின் சொற்பட்டியலில், இனிக்காத ஒயினைக் குறிக்கும் ‘ட்ரை’க்கு ‘உலர்’ என்று வைப்பதில் குறை இருக்கிறது. தமிழில் ‘உலர்’ என்றதும் பக்கத்தில் வந்து நிற்பது உலர் திராட்சை. திராட்சையைக் காயவைத்துச் செய்யும் ஒயின் உண்மையிலேயே உண்டு. இத்தாலியின் அமரோனேக்குப் பறித்த குலைகளை மாதக்கணக்கில் வற்றவிட்டுத்தான் பிழிகிறார்கள். ‘உலர்’ என்ற சொல் அந்த வகைக்கு வேண்டும். இனிப்பு இல்லாததற்கு அதைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு அமரோனேயை என்னவென்று எழுதுவோம்?

விஷயம் சர்க்கரை சம்பந்தப்பட்டது. ஈஸ்ட் திராட்சைச் சாற்றின் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. நம் பனங்காட்டுப் பக்கம் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதநீர், தடவாவிட்டால் அதே சாறு கள். ஒயினில் ஈஸ்ட் ஏறக்குறைய எல்லாச் சர்க்கரையையும் தின்று தீர்த்துவிட்டால் அதுதான் அவர்கள் சொல்லும் ‘ட்ரை’. ஐரோப்பிய லேபிள் விதியில் பொதுவாக லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரை. புளிப்பு போதுமான அளவு இருந்தால் 9 வரை விடுகிறார்கள்.

ஆனால் வாய் உலர்வது என்பது வேறு சங்கதி. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. மே மாதம் அம்பாசமுத்திரம் பக்கம் நண்பர் ஒருவரின் மாந்தோப்பில் கூடியிருந்தோம். ஐஸ் பெட்டியில் நாசிக் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் ஒன்று, ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் ஒன்று. தின்ன அவித்த கடலையும் உப்பு மிளகாய் போட்ட மாங்காயும். ஷிராஸை ஒரு மடக்கு குடித்த நண்பர் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். “ஏல, நாவப்பழம் தின்ன மாதிரி நாக்கப் பிடிக்குல்லா” என்றார். பொருத்தமான சொல் அவர் வாயிலேயே இருக்கிறது. அறுசுவையில் ஒன்றாகவே நாம் வைத்திருக்கும் துவர்ப்பு அது. பால் ஊற்றாத டீயில் தெரிவதும் அதே துவர்ப்புதான். பால் விட்டதும் பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்ள, நாக்கு தப்பிக்கிறது. இவ்வளவு தெளிவான சொல் கையில் இருக்க, ‘உலர்’ என்று எழுதி இரண்டையும் குழப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. இனிப்பும் துவர்ப்பும் சேர்ந்தே இருக்கும் ஒயின்கள் உண்டு. போர்ச்சுகலின் போர்ட் ஒயின் அப்படித்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் பலருக்குத் தெரிந்த ஒயின் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பீங்கான் ஜாடியில் போடுவதுதான். சீனி தாராளமாக விழுவதால் ஈஸ்ட் தின்றது போக மிச்சம் நிறையவே இருக்கும், நன்றாக இனிக்கும். அந்த நாக்கோடு முதல்முறை ‘ட்ரை’ குடிக்கிறவர் கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார். தோப்பிலும் ஒருவர், முந்திய நிமிடம் அல்வாத் துண்டு ஒன்றை வாயில் போட்டிருந்தவர், “புளிச்சுப் போச்சுல” என்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். இனிப்பு தின்ற வாய்க்கு எந்த ஒயினும் கூடுதலாகத்தான் புளிக்கும். பாட்டில்மேல் ‘இனிப்பிலி’ என்று இருந்திருந்தால் அவர் அல்வாவைப் பிறகு தின்றிருப்பார்.

ஆகவே என் முன்மொழிவு ‘இனிப்பிலி’. ‘வயர்லெஸ்’ஸுக்குக் ‘கம்பியிலி’ நிலைத்துவிட்டது, அந்த வழியில் இதுவும் நிலைக்கும்.

> அப்படியானால் ‘செமி ட்ரை’? ‘அரை இனிப்பிலி’ என்பீர்களா?

மாட்டேன். இல்லாததைப் பாதியாக்க முடியாது. இனிப்பின் பக்கமிருந்தே ஏறுவோம்: லிட்டருக்கு 12 கிராம் வரை ‘இளவினிப்பு’ (இளஞ்சூடு சொல்கிறோமே), 45 வரை ‘நடுவினிப்பு’, அதற்கு மேல் ‘முழுவினிப்பு’. நுரைக்கும் ஒயினில் கணக்கே வேறு. அங்கே ‘ட்ரை’ என்று அச்சிட்ட பாட்டிலில் லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் வரை சர்க்கரை இருக்கும். ‘ப்ரூட்’ என்று அச்சிட்டதில் 12க்கும் கீழே. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இனிக்கிற ஒயினை ‘உலர்’ என்று எழுதும்படி ஆகும். கிராமைப் பார்த்துப் பெயரிட்டால் இந்தச் சிக்கலே வராது. நாக்கை மட்டும் நம்பவும் முடியாது. குளிரக் குளிர இனிப்பு மங்கும், துவர்ப்பு தூக்கும்.

‘இனிப்பிலி’ என்றால் சர்க்கரையே இல்லை என்று நீரிழிவுக்காரர்கள் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று மதுரை அக்கா கேட்டது நியாயமான கேள்வி. ‘சர்க்கரையற்ற’ என்பதை அறவே சர்க்கரை இல்லாத பண்டங்களுக்கு விட்டுவிடுவோம். ‘இனிப்பிலி’ சுவையைச் சொல்வது. சொற்பட்டியலில் அந்தக் கிராம் அளவையும் சேர்த்தே போட வேண்டும்.

ஒயினுக்கே ‘திராட்சரசம்’ என்று போடலாம் என்ற யோசனைக்கு ஒரு வார்த்தை. வேதாகமத்தில் அது அழகாக இருக்கிறது. ஆனால் ரசம் என்றால் நொதிக்காத சாறும் அடங்கும். தெளிந்த மதுவைக் குறிக்கும் ‘தேறல்’ எனக்குப் பிடித்த சொல். புறநானூறு 56இல் யவனர் கலத்தில் வந்ததும் தேறல்தான். இருந்தாலும் லேபிளில் ‘ஒயின்’ இருக்கட்டும்.

‘நடுவினிப்பு’ நாவில் சரியாக உருளுகிறதா, ‘மிதவினிப்பு’ மேலா? இந்த ஒன்றில் மட்டும் எனக்கு முடிவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து