புதுப்பிப்பு: கார்ப்பெட்ல முடி இழுக்காத வேக்கூம் சரியாயிடுச்சு

மோட்டர் சத்தம் நல்லா கேக்குது ஆனா ஹால் கார்ப்பெட்ல பூனை முடி அப்படியே கிடக்குதுன்னு போன வாரம் கேட்டிருந்தேன், பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃபில்டரக் கழுவி ஒரு நாள் முழுக்கக் காய வச்சேன், கொஞ்சந்தான் தேறுச்சு. பிரஷ் ரோலரச் சுத்த வைக்கிற பெல்ட்டப் பாருங்கன்னு ஒரு அக்கா சொன்னதுதான் வேலை செஞ்சது. பிளக்கப் பிடுங்கிட்டு அடி மூடியக் கழட்டினா, பிரஷ் ரோலர்ல தலைமுடியும் அம்மா பூ கட்டுற நூலும் இறுக்கிச் சுத்தி, ரப்பர் பெல்ட் தொளதொளன்னு கிடந்துச்சு. கத்திரிக்கோலால வெட்டி எடுத்தேன். புது பெல்ட் சுங்கை சிப்புட்ல கிடைக்கல, ஈப்போ போய் 15 ரிங்கிட்டுக்கு வாங்கினேன், மாடல் நம்பர எழுதிட்டுப் போங்க, அளவு மாறினா பொருந்தாது. எதிர்பார்க்காதது ஒண்ணு, இப்ப பிரஷ் வேகமா சுத்துறதால சாமி ரூம் மெல்லிசு கார்ப்பெட்டயே இழுத்துச் சுருட்டுது, பிரஷ் உயரத்த ஒரு படி ஏத்தினதும் அப்படி இழுக்குறது நின்னுடுச்சு.