மறு: குவாண்டம் சிமுலேஷனுக்கு ‘போலச்செய்தல்’ பொருந்துமா?

வணக்கம். குவாண்டம் சிமுலேஷன், அதாவது ஒரு குவாண்டம் அமைப்பு நடப்பதை நம் கட்டுப்பாட்டில் உள்ள இன்னொரு குவாண்டம் அமைப்பில் நடத்திப் பார்ப்பதற்கு, தேவகோட்டை ஐயா சொன்ன ‘போலச்செய்தல்’ எளிய சொல்தான். ஆனால் காரைக்குடி மாணவர்களுக்காக நான் எழுதும் கட்டுரையில் இடிக்கிறது.

2013-இல் அணுக்கருத் தற்சுழற்சிகளை (காந்தத்தில் மேல், கீழ் என்று நிலை கொள்ளும் கருவின் பண்பு, ஸ்பின்) வைத்து டன்னலிங்கை, அதாவது போதிய ஆற்றல் இல்லாமலே துகள் ஒரு தடுப்பைக் கடந்துபோவதை, நடத்திக் காட்டினார்கள். அங்கே தடுப்பும் இல்லை, அதைத் துளைத்துப் போகும் துகளும் இல்லை. துகள் இருக்கும் இடத்தைத் தற்சுழற்சிகளின் மேல், கீழ் நிலைகளால் குறித்துக்கொண்டு, ரேடியோ துடிப்புகளால் அவற்றை அந்தத் துகளின் சமன்பாட்டுப்படியே நடக்க வைக்கிறார்கள். 2010-இல் குளோரோஃபார்மின் கார்பன்-13, ஹைட்ரஜன் கருக்களைக் கொண்டு ஹைட்ரஜன் மூலக்கூறின் ஆற்றலையே கண்டார்கள்.

நம் செட்டிநாட்டுச் சுவரில் சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் பூசிப் பளிங்காக்குகிறோமே, அது போலச்செய்தல். பளபளப்பு மட்டும்தான் பளிங்கு. இங்கேயோ உள்ளே ஓடும் கணக்கே ஒன்று.

மேலும், ‘போலச்செய்தல்’ என்றால் ‘போலி’ என்றாகிவிடும்; அந்தச் சொல் இத்துறையில் வேறொன்றுக்குத் தேவை. அறை வெப்பத்தில், வலுவான காந்தத்துக்குள்ளும் லட்சத்தில் ஒரு சில கருக்களே கூடுதலாக ஒரு பக்கம் சாயும். எல்லாம் ஒரே நிலையில் இருக்கும் தூயநிலை கிடைக்காது. அதனால் மற்றவற்றின் சைகை அழிந்துபோகும்படி செய்து, தூயநிலை மாதிரி நடக்கும் ஒன்றை 1997 முதல் பயன்படுத்துகிறார்கள். ‘போலித் தூயநிலை’ என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும்.

சிமுலேஷனுக்கு ‘ஒப்பியக்கம்’ என்கிறேன். கணினியில் செய்வது ‘பாவனை’யாகவே இருக்கட்டும், அங்கே ஓடுபவை வெறும் எண்கள். 50 தற்சுழற்சிகளின் நிலையைக் குறிக்கவே சுமார் 11 கோடி கோடி எண்கள் வேண்டும். குவாண்டத்தைக் குவாண்டத்தால்தான் நடத்த வேண்டும் என்று இயற்பியலாளர் ஃபெய்ன்மன் 1982-இல் எழுதியதும் இந்தச் சுமையைப் பார்த்துத்தான்.

---

தம்பி, நான் சொன்ன ‘போலச்செய்த’லை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘இயக்கம்’ என்றால் அதுவாக இயங்குவது போலவும் படும். சோதனையில் எதுவும் தானாக நடப்பதில்லையே! குளோரோஃபார்மில் இரு கருக்களின் பிணைப்பு எந்நேரமும் இருக்கிறது. வேண்டாதபோது நடுவில் 180 பாகைத் துடிப்பு கொடுத்து அதன் விளைவை நீக்குகிறோம். காலத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் சமன்பாட்டின் ஒரு பகுதியை நடத்தி ஒட்டுகிறோம். அதனால் உங்கள் ‘அதே சமன்பாடு’ம் பல சமயம் தோராயம்தான். இவ்வளவு கைவேலை இருக்கும்போது பிறவினையாகச் சொல்வதே முறை: ஒப்பியக்கல்.

---

சரி ஐயா, ‘ஒப்பியக்கல்’ என்றே போடுகிறேன். சிமுலேட்டருக்கு ‘ஒப்பியக்கி’ தானாக வந்துவிடுகிறது. முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் சிமுலேஷன் என்றும் எழுதிவிடுவேன், பிள்ளைகள் தேடிப் படிக்க வசதியாக இருக்கும். அப்புறம், டன்னலிங்குக்கும் ஒரு சொல் வேண்டும்; அதைத் தனி இழையில் தொடங்குங்களேன்.